சேலைக் கரையும் கடற்கரையும்

திருவான்மியூரில் மருந்தீசர் கோயிலைக் கடந்து தெற்கு நோக்கி நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இடப்புறத்தில் வங்கக் கடலையும் வலப்புறத்தில் பக்கிங்ஹாம் கால்வாயையும் துணைக்கு வைத்துக்கொண்டு மாமல்லபுரம் வரையில் சென்று, அதற்கப்பாலும் புதுச்சேரியை நோக்கிப் போகிறது. விடுமுறை நாட்களில் இந்தச் சாலையில் விரையும் வாகனங்களில் பெரும்பாலானவை கேளிக்கைப் பூங்காக்களையும் கடலோர விடுதிகளையும் நாடிச் செல்பவை. கல்யாணப் பிரார்த்தனைக்காகத் திருவிடந்தைக்குச் செல்கிறவர்களை அவர்களுடைய மடியில் இருக்கும் தாம்பாளத்தையும் மாலைப் பொட்டலத்தையும் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். நாங்கள் இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தவர்கள். தம் வாழ்நாளில் பெரும் பகுதியைத் தியாகராயநகரத்துப் பட்டுக்கடை ஒன்றில் முகூர்த்தப் புடவைகளை விரித்துக் காட்டியே கழித்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், தம் மகளுக்கு வரன் அமையாமல் வருந்திய காலத்தில் நித்தியகல்யாணப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் பலித்து, தை மாதத்தில் விவாகமும் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பழைய மாலையோடு ஸந்நிதிக்கு வந்து நிற்க வேண்டிய கடன் மட்டும் பாக்கியாயிருந்தது. காரில் ஓர் இடம் மிச்சமிருந்தபடியால் என்னையும் அழைத்தார்.

அன்று அந்தப் பெண் உடுத்தியிருந்த பட்டுச் சேலையில் ஓர் இழை ஜரிகைகூடக் கிடையாது. அரக்குச் சிவப்பு உடல். ஒரு சாண் அகலத்துக்கு அடர்ந்த பச்சைக் கரை. இரண்டும் சந்திக்கும் கோட்டில் வரிசையாகக் கோபுர ரேக்கு என்னும் கூம்புகள். நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கவனித்த நண்பர், நெடுநாளாக அடக்கி வைத்திருந்த மனக்குறையைச் சொல்வதுபோல், “முகூர்த்தத்துக்கே இதைத்தான் கட்டினா, சார். ஊரெல்லாம் ஜரிகைப் புடவை வித்தவன் நான். என் பொண்ணுக்குக் காசு மிச்சம் பிடிச்சுட்டேன்னுதான் வந்தவங்க எல்லாம் நெனச்சிருப்பாங்க” என்றார்.

“விலை என்னன்னு மாமாகிட்ட சொல்லுங்கப்பா” என்றாள் பெண்.

விலை, ஜரிகை போட்ட நல்ல காஞ்சிபுரச் சேலையின் விலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதுதான் தமக்கு விளங்கவில்லை என்றார் நண்பர். ருக்மிணி தேவி உண்டாக்கிய மோஸ்தர் அது என்று பெண் விளக்கியபோது, “அந்தம்மா நாட்டியக்காரம்மா ஆச்சே, டிசைனர்னு எப்படிச் சொல்றது?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எங்களோடு அன்று மாலை வரையில் பிரயாணம் செய்தது.

புறப்படும் இடமே திருவான்மியூராக இருந்ததால் முதலில் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியின் நெசவுக்கூடத்தைப் பார்த்துவிட்டே கிளம்பினோம். குழித்தறியில் ஒருவர் அமர்ந்து உடலுக்குரிய நாடாவையும் ஒரு கரைக்குரிய நாடாவையும் எறிய, பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து மறு கரைக்குரிய நாடாவை எறிந்து, ஒவ்வோர் இழைக்கும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும்படி செய்வதே கோர்வை எனப்படுவது. மூன்று நாடாக்களும் இரண்டு மனிதர்களும் சேர்ந்தால்தான் ஒரு சேலை வளர்கிறது. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவு நூல்களையே புதிய நூல்களோடு பிணைத்துச் செல்லும் பேட்னி முறை இருக்கிறது; அதற்கும் தனிப் பொறுமை வேண்டும். அங்கே நெய்துகொண்டிருந்த ஒருவர் எங்கள் நண்பரின் தொழிலைக் கேட்டறிந்ததும் மரியாதையாகச் சிரித்துவிட்டு, “ஜரிகை இருந்தா கண்ணு அது மேல போயிடும், ஐயா. இதுல கோர்வை ஒரு இழை பிசகினாலும் அப்பட்டமாத் தெரியும்” என்றார். விலைக்குரிய நியாயத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டது. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ள அந்த அம்மையாரின் சரித்திரத்துக்குச் செல்ல வேண்டும்.

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு மிகுந்து, ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தை அடையாற்றுக்கே அழைத்து வந்துவிட்டார். அங்கே அன்னிபெசன்ட் அம்மையாரின் நெருங்கிய சகாவான ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை, அவருக்கும் தமக்கும் இருந்த இருபத்தைந்து வயது வித்தியாசத்தையும் ஊராரின் பெருங்கூச்சலையும் பொருட்படுத்தாமல், 1920-இல் ருக்மிணி தேவி மணந்துகொண்டார். கணவரோடு உலகம் சுற்றிய அந்த ஆண்டுகளில்தான், ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை 1928-இல் பம்பாயில் காணும் பாக்கியமும், பிறகு ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் அவரோடு பழகும் பாக்கியமும் ருக்மிணி தேவிக்கு வாய்த்தன. மேல்நாட்டுப் பாலே நடனத்தைக் கற்கத் தொடங்கிய அந்த இளம் பெண்ணிடம், உன் சொந்த நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவா தூண்டியதாகச் சரித்திரம் சொல்லுகிறது. தேடிப் போனார்; மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்று ஆலமரத்தடியில், பிரம்மஞான சபையின் வைர விழாக் கூட்டத்தில், தாமே மேடையேறினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கலாக்ஷேத்திரா பிறந்தது. மேல்சபை உறுப்பினர் பதவி, பத்மபூஷண், 1977-இல் ஜனாதிபதி வேட்பாளராக நிற்கும்படி மொரார்ஜி தேசாய் கேட்டதும் இவர் மறுத்ததும் ஆகியவையெல்லாம் யாவரும் அறிந்தவை. அவற்றில் தாமதிக்க இங்கே அவசியமில்லை.

நமக்கு வேண்டியது அந்த ஆலமரத்தடி மேடையில் அவர் உடுத்தியிருந்த உடை. அதற்கு முன்பு, பரத நாட்டியத்தின் பழைய வடிவமாகிய சதிர் ஆடிய பெண்மணிகள், பழைய புகைப்படங்களில் காண்பதுபோல், சராயின்மேல் கனத்த ஜரிகைச் சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்துப் பார்த்து, மேடம் கஸான் என்ற ஐரோப்பியத் தையற்கலைஞரின் உதவியோடு, அரைமண்டியில் அமரும்போது விசிறிபோல் விரிந்து நிமிரும்போது மடங்கிக்கொள்ளும் கொசுவத்தை உடைய தைத்த உடையை அமைத்தார். இன்று பரத நாட்டியம் என்ற பெயரைக் கேட்டதும் உலகத்தின் எந்த மூலையிலும் மனக்கண்முன் வந்து நிற்கும் உருவம் பெரும்பாலும் அதுதான். ஓர் உடை ஒரு கலைக்கே முகமாகிவிட்ட விந்தையை வேறு எந்த ஆடையமைப்பாளருடைய ஜாதகத்திலும் எளிதில் காண முடியாது.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பழைய உடையைக் கழற்றியபோது, அதை உடுத்தியிருந்த பரம்பரைக் கலைஞர்களின் ரஸனையும் உரிமையும்கூடச் சேர்ந்தே கழற்றப்பட்டன என்ற மனத்தாங்கல் இசை வேளாளர் குடும்பங்களில் இருந்தது. தஞ்சாவூர் பாலசரஸ்வதி போன்ற மேதைகள் கலாக்ஷேத்திரா நாட்டியத்தில் செய்த சுத்திகரிப்பை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. அழகுணர்ச்சியின் பெயரால் செய்யப்படும் சீர்திருத்தத்தில் யாருடைய அழகு அளவுகோலாக வைக்கப்படுகிறது என்ற கேள்வி, நாட்டியத்துக்கு மட்டுமன்றிச் சேலைக்கும் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. நண்பர் அதைத் தம் பாணியில் சொன்னார்: “வருஷம் பூரா மில் சேலை கட்டுற பொண்ணு, ஒரு நாளாவது தங்கமாட்டம் மினுக்கணும்னு ஆசைப்பட்டா அதுல என்ன சார் தப்பு?” தப்பென்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாயும் எழவில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிற்காமலே கடந்தோம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இந்தக் கடற்கரை மணலில் குடியேறிய ஓவியர்கள், படம் விற்று வாழ முடியாத அக்காலத்தில், துணியில் மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாத்திக் வேலை செய்து விற்றே தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சித்திரத்துக்குத் துணி சோறு போட்டிருக்கிறது.

முட்டுக்காட்டில் தக்ஷிணசித்திராவுக்குள் சற்று நேரம் நுழைந்தோம். லாரி பேக்கர் வகுத்த அமைப்பில், 1996 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இந்த வளாகத்தில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பழைய வீடுகளை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அவற்றில் ஒன்று. வீட்டின் நடுவே தறிக்கு விடப்பட்ட இடத்தைப் பார்த்தால், மனிதர்கள் தறியின் வீட்டில் குடியிருந்தார்கள் என்றே சொல்லத் தோன்றும். படுக்கவும் சமைக்கவும் மிஞ்சிய இடமே மனிதர்களுக்கு. பெண் அங்கே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் பசி.

அந்தத் தறி வீட்டைக் கண்டபின், 1937-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் நெசவு நிலையம் ஒன்றைத் தொடங்கிய காலத்தின் நிலைமையைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கைச் சாயமும், அதைத் தொடர்ந்து ஜெர்மானியத் தொழிற்சாலைகளில் பெருகிய சாயங்களும் நம் ஊர்ச் சாயத்தொட்டிகளை வறளச் செய்துவிட்டன. ஆலைத் துணி மலிந்துவிட்டது. பட்டணத்து நாகரிகக் குடும்பங்கள் மெல்லிய வெளிநாட்டுத் துணிகளையும் பூப்போட்ட அச்சுச் சேலைகளையும் மோகித்துக்கொண்டிருந்தன. ரேக்கும் முத்துக்கட்டமும் வங்கிக் கரையும் ருத்திராக்ஷக் கரையும் மயில்கண்ணும் குயில்கண்ணும் இருதலைப் பக்ஷியும் யாளியுமாகிய பழைய வேலைப்பாடுகள் பாட்டிமார்களின் மரப்பெட்டிகளில் பாச்சையுருண்டை வாசனையோடு உறங்கிக்கொண்டிருந்தன. நாட்டிய நாடகங்களுக்கு வேண்டிய உடைக்கு ஏற்ற துணியே சந்தையில் கிடைக்காதபோது, அந்த அம்மையார் அந்தப் பெட்டிகளை நாடினார். பழைய சேலைகளைத் தேடிப் பார்த்து, அவற்றின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மறுபடி தறியில் ஏற்றச் செய்தார். குற்றாலக் குறவஞ்சி 1944-இலும் குமாரசம்பவம் 1947-இலும் மேடையேறியபோதும், பின்னர் ராமாயணத் தொடர் ஆண்டுக்கணக்காக வளர்ந்தபோதும், நாட்டியத்தை அமைத்த அதே கண்தான் உடைகளின் நிறங்களையும் தேர்ந்தது. 1962-இல் கலாக்ஷேத்திரா திருவான்மியூருக்கு வந்தபின்பும் தறிகள் நிற்கவில்லை. 1978-இல் கமலாதேவி சட்டோபாத்யாயரின் ஆதரவோடு இயற்கைச் சாயத்துக்கும் கலம்காரிக்கும் தனிப் பட்டறை ஒன்றும் சேர்ந்துகொண்டது.

இந்தச் சரித்திரத்தில் புதிய பூவேலை எதையும் அவர் கற்பித்ததாகச் சொல்ல முடியாது. எதை விடுவது என்று தீர்மானித்தார். அதுதான் அவருடைய சாமர்த்தியம். ஜரிகையை அறவே விட்டோ, மிகக் குறைத்தோ, உடலை ஒரே நிறமாக அமைதியாக விட்டு, கரையை அகலமாக்கி, எதிர் நிறங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று மோதவிட்டார். ஜரிகை என்று நாம் சொல்வது, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் தங்கமுலாம் பூசியதுதான். தங்கத்தின் பங்கு மேற்பூச்சின் அளவுக்குமேல் இல்லை. ஆனாலும் பொன் என்ற நினைப்பு நம்மை மயக்கிவிடுகிறது. கிராம்கணக்கில் ஜரிகையை விசாரிக்கும் தாய்மார்கள், இரண்டு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து நெய்த நாட்களை விசாரிப்பதில்லை. நண்பரே இதை ஒப்புக்கொண்டார். கோர்வையைப் பற்றிக் கேட்ட வாடிக்கையாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம்.

கோவளத்தைத் தாண்டித் திருவிடந்தையை அடைந்தபோது உச்சிப்பொழுது, நடை சாத்திவிட்டார்கள். மறுபடி திறக்கும் வரையில் மாமல்லபுரம் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று மாப்பிள்ளை யோசனை சொன்னார். அந்த யோசனையில் பக்தியைக் காட்டிலும் பசியே மிகுந்திருந்தது என்றாலும், அதனால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது.

மாமல்லபுரத்தில் வராக மண்டபத்துக்குப் போனோம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையைக் குடைந்து, பூமி தேவியைத் தாங்கி எழும் வராக மூர்த்தியையும், யானைகள் நீராட்டும் கஜலக்ஷ்மியையும் செதுக்கிய அந்த மண்டபத்தில், பெண்ணுருவங்களின் ஆடையைத் தேடினால் எளிதில் அகப்படாது. துணிக்கும் உடம்புக்கும் இடையே கல்லில் வித்தியாசமே காட்டப்படவில்லை. இடையில் ஒரு முடிச்சையும், காலின்மேல் மெல்லிய ஒரு விளிம்புக் கோட்டையும் கொண்டுதான் அங்கே ஆடை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முழுத் துணியையும் சொல்ல விளிம்பு ஒன்றே போதும் என்று அந்தச் சிற்பி நம்பியிருக்கிறான். திருவான்மியூரில் தறியில் கண்ட தத்துவம் இதுவே அல்லவா என்று எனக்குத் தோன்றியது. உடல் வாய்மூடி இருக்கிறது. பேசவேண்டியதைக் கரை பேசுகிறது. சிற்பத்திலிருந்து ருக்மிணி தேவி கற்றது உடையின் வெட்டு மாத்திரம் என்று நான் இதுவரை எண்ணியிருந்தேன்.

பாரிஸ் நகரத்து ஆடைச் சரித்திரத்தை நினைத்தால் ருக்மிணி தேவியின் வழியிலுள்ள வேறுபாடு இன்னும் துலக்கமாகும். 1858-இல் அங்கே கடை திறந்த சார்லஸ் பிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர், ஓவியன் படத்தில் கையெழுத்திடுவதுபோல், தாம் தைத்த உடைகளின் உட்புறத்தில் தம் பெயர் பொறித்த சிறு பட்டையைத் தைத்தார் என்பார்கள். உயர்தர ஆடை உலகத்தின் பெயர் மோகத்துக்கு அதுவே விதை. 1947-இல் கிறிஸ்தியான் டியோர் தம் முதல் ஆடைத் தொகுதியை வெளியிட்டு, யுத்தத்தின் வறுமையைக் கண்டிருந்த ஐரோப்பாவைத் துணி வெள்ளத்தில் ஆழ்த்தினார். ஒவ்வொரு பாவாடைக்கும் கெஜக் கணக்கில் துணி. அதே ஆண்டில் அடையாற்றில் குமாரசம்பவத்துக்குச் சேலைகள் நெய்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மிகுதியால் வியப்பூட்டும் கலை. இன்னொரு பக்கம் குறைவால். இரண்டிலும் கைவேலை செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை என்பதில் மட்டும் வித்தியாசமில்லை. இன்றைக்கும் பாரிஸின் புகழ்பெற்ற பூத்தையற் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்ஸ்வா லெஸாழ் 1990-களில் சென்னையிலேயே வஸ்திரகலா என்ற பட்டறையை நிறுவி நடத்துகிறார் என்பதையும், அங்கே ஊசி பிடிப்பவை நம் ஊர்க் கைகளே என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிற்பகலில் திருவிடந்தைக்குத் திரும்பினோம். சாலையிலிருந்து சில அடிகள் மேற்கே நடந்தால் கோயில். இந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே உள்ள வெளியில்தான் 2018 ஏப்ரலில் மத்திய அரசாங்கத்தின் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. நாள்தோறும் கல்யாணம் செய்துகொள்ளும் பெருமாளின் வாசலில் பீரங்கிகள் அணிவகுத்து நின்ற காட்சியைக் கண்டு அவர் என்ன நினைத்திருப்பாரோ! நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான இத்தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். காலவ மகரிஷிக்கு முந்நூற்றறுபது பெண்கள். பிரம்மசாரியாக வந்த பெருமாள் நாளுக்கு ஒருத்தியாக அவர்கள் அனைவரையும் மணந்து, கடைசி நாளில் எல்லாரையும் ஒருத்தியாகச் சேர்த்து, அகிலவல்லி என்று தம் இடப்புறத்தில் ஏற்றுக்கொண்டு வராக ரூபத்தைக் காட்டினார் என்பது ஸ்தல புராணம். மூலவர் ஆதிவராகர், உத்ஸவருக்கு நித்தியகல்யாணர் என்று திருநாமம், தாயார் கோமளவல்லி. உத்ஸவரின் தாடையில் இயற்கையாகவே ஒரு திருஷ்டிப் பொட்டு அமைந்திருப்பதை அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிக் காட்டி விளக்கினார்.

ஆண்டின் ஒவ்வொரு நாளும் மணவாளனாக நிற்க வேண்டிய ஒருவருக்கு அலங்காரம் எவ்வளவு பெரிய பொறுப்பு! ஆனால் நாங்கள் கண்ட சாத்துப்படி மிக எளிமையாக இருந்தது. மஞ்சள் வஸ்திரத்தில் சிவப்புக் கரை; முன்புறத்தில் விசிறிபோல் எடுத்த கொசுவம்; துளசி மாலை. அந்தக் கொசுவத்தைக் கண்டதும் பெண் என் பக்கம் திரும்பி, “மாமா, நாட்டிய டிரெஸ் மடிப்பு மாதிரியே இல்ல?” என்று மெதுவாகக் கேட்டாள். அப்படித்தான் இருந்தது. பிரகாரத்தில் கழுத்தில் மாலையோடு சுற்றுகிறவர்கள் எப்போதும்போல் இருந்தார்கள். வரன் வேண்டுகிறவர்கள் அர்ச்சனை செய்த மாலைகளில் ஒன்றைப் பெற்று அணிந்துகொண்டு ஒன்பது முறை வலம் வருவதும், மணமானபின் அந்த உலர்ந்த மாலையோடு தம்பதியாக வருவதும் இங்கே ஸம்பிரதாயம். ஒரு தாயார் தம் மகனை, “வேகமா நட, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது சுற்றில் அவன் ஓடியே விட்டான்.

நண்பர் குடும்பத்தின் கடன் தீர்ந்தபின் மண்டபத்து நிழலில் சற்று உட்கார்ந்தோம். அங்கே என் மனத்தில் வெகுநேரமாக இருந்த உறுத்தல் ஒன்றை வெளியிட்டேன். மேல்சபையில் பிராணிகளின் துன்பத்துக்காக வாதாடி, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலி, பின்னர் பிராணி நல வாரியத்தின் தலைமையையும் ஏற்ற ருக்மிணி தேவியின் பெயரோடு பட்டுச் சேலை சேர்ந்திருப்பது எப்படி? ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளை உள்ளிருக்கும் புழுக்களோடு கொதிநீரில் இட வேண்டும். காஞ்சி மகா பெரியவர், பட்டு நகரமாகிய காஞ்சியின் பெயரைத் தாங்கிய பீடத்தில் இருந்துகொண்டே, பட்டை விலக்கும்படி தம் சிஷ்யர்களுக்குச் சொல்லிவந்தார். கலாக்ஷேத்திராவின் தறிகளில் பருத்திச் சேலைகளும் அதே கரைகளோடு, அதே சிரத்தையோடு நெய்யப்படுகின்றன என்பது உண்மையே; என் கண்ணுக்கு அவற்றில் சில பட்டையும் மிஞ்சுகின்றன. ஆனால் முகூர்த்தத்துக்குப் பருத்தி உடுத்த இந்தப் பெண்ணுக்கும் துணிச்சல் வரவில்லை. “அது மட்டும் பாட்டி ஒத்துக்கலை, மாமா” என்றாள் அவள். ஜரிகையைத் துறக்க வைத்த ரஸனைக்குப் பட்டைத் துறக்க வைக்கும் சக்தி இல்லாமற் போயிற்று. மகான்களின் வாழ்க்கையிலும் நெய்து முடியாத ஒரு முழம் இருக்கத்தான் செய்கிறது. அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை.

நண்பர் இந்தத் தர்ம விசாரத்தில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அவருடைய சிந்தனை தொழிலிலேயே இருந்தது. டிசைனர் என்ற பட்டத்தைக் காலையில் மறுத்தவர் இப்போது அதை முழு மனத்தோடு கொடுத்துவிட்டார். ஆனால் அதற்கு அவர் காட்டிய காரணம் நான் எதிர்பார்த்ததாக இல்லை. அவர் வேலை பார்த்த கடையில், அகலமான கரையுடைய எந்தச் சேலை வந்தாலும், அது விசைத்தறியில் ஓடியதாக இருந்தாலும், ‘கலாக்ஷேத்திரா பார்டர்’ என்று சீட்டு எழுதி அடுக்குவது வழக்கமாம். கேட்பவர்களும் அப்படியே கேட்பார்களாம். “அந்தம்மா பேரு ஒருத்தருக்கும் தெரியாது, சார். ஆனா அவங்க வச்ச கரைக்கு நாங்களே பேரு வச்சு வித்துட்டோம். அப்போ அவங்க டிசைனர்தானே?” என்றார். 1986 பிப்ரவரியில் காலமான அந்த அம்மையார் தம் பெயரை எந்தச் சேலையின் ஓரத்திலும் தைக்கவில்லை. தாம் நிறுவிய ஸ்தாபனத்தின் பெயர் இப்படிச் சந்தையில் பொதுப் பெயராக உருளுவதைக் கேட்டால் கோபிப்பாரா, சிரிப்பாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் வாங்குகிறவர்கள் அசலையும் போலியையும் எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டேன். அவ்வளவுதான், பழைய உத்தியோகம் அவருக்குத் திரும்பிவிட்டது. மகளின் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, துணியைப் புரட்டி, உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தார். நிஜமான கோர்வையில், பின்புறத்தில் அந்தக் கோட்டின் நெடுகிலும் இரண்டு நிற இழைகளும் கொக்கி போட்டுக்கொண்ட மேடு விரலுக்குத் தட்டும். இரண்டு நிறங்களும் ஒன்றோடொன்று கலங்காமல் தெளிவாக நிற்கும். ஒரே நாடாவில் ஓட்டிய துணியில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் புகுந்துவிடுவதால், பச்சைக் கரையைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு ஓடும். “முன்னாடி பார்க்காதீங்க, சார். புரட்டிப் பாருங்க. கடைக்காரன் புரட்ட விடலைன்னா வேற கடைக்குப் போங்க” என்றார் அவர்.